வட்டிக்காரம்மாவின் கணக்குப் புத்தகம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எந்த ஊரை எடுத்தாலும், வட்டிக்குக் கொடுத்தே வசதியான ஓர் அம்மாவைப் பற்றிப் பேச்சு இருக்கும். உம்லாங்காவில் வீடு, ஜெர்மன் கார், கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பெரிய நன்கொடை. கூடவே "ஏழை வயிற்றில் அடித்த காசு" என்ற பேச்சும் வரும். பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே கரைகிறது என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை. உரிமத்தோடு வட்டிக்கடை நடத்துகிறவர்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்கிற சங்கதிகளை இங்கே எழுதிவைக்கிறோம். இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று யோசிக்கிற பெண்களுக்கு இது உதவும்.

வட்டி விகிதத்தில் யாரும் இங்கே சாமர்த்தியம் காட்ட முடியாது. அதைச் சட்டமே போட்டுக் கொடுத்துவிட்டது. யாருக்கு எவ்வளவு மறுக்கிறீர்கள் என்பதில்தான் காசு தங்குவதும் போவதும். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருவது.

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று புரியும். 1992 கடைசியில் 6,000 ராண்டுக்கு உட்பட்ட சிறு கடன்களுக்கு வட்டி உச்சவரம்பிலிருந்து அரசாங்கம் விலக்குக் கொடுத்தது. அதன்பின் தெருவுக்குத் தெரு கடன் கடை முளைத்தது. வாடிக்கையாளரின் வங்கி அட்டையையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, சம்பள நாளன்று கடைக்காரரே ஏ.டி.எம்.மில் உருவிக்கொள்வது அன்றைக்குச் சாதாரணம். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் 2007இல் முழுதாக நடப்புக்கு வந்தபோது அட்டை, பின் நம்பர், அடையாள அட்டை எதையும் ஈடாகப் பிடித்து வைப்பது குற்றமாயிற்று. இன்றும் டவுன்ஷிப் குடியிருப்புகளில் மாஷோனிசாக்கள், அதாவது பதிவில்லாமல் வட்டிக்கு விடுகிறவர்கள், அதைத்தான் செய்கிறார்கள். மேசை இழுப்பறையில் அடுத்தவர் அட்டை ஒன்று கிடந்தாலும் உங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

முன்பு 100 ஒப்பந்தங்கள் அல்லது 5 லட்சம் ராண்ட் என்ற அளவைத் தாண்டினால்தான் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும். 2016 நவம்பர் 11 முதல் அந்த வரம்பு பூஜ்யம். வட்டிக்குக் கொடுக்கிற முதல் கடனுக்கே பதிவு வேண்டும். பதிவில்லாமல் கொடுத்த கடன் சட்டப்படி செல்லாத ஒப்பந்தம். வாங்கினவர் "தர மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போனாலும் அந்தக் காகிதத்தை நம்பி நீதிமன்றப் படி ஏற முடியாது. பதிவுச் சான்றிதழ் ஒவ்வொரு கிளையின் சுவரிலும் தெரிகிற மாதிரி மாட்டப்பட்டிருக்க வேண்டும், காகிதங்களிலும் பதிவு விவரம் அச்சாகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கட்டணம் கட்டத் தவறினால் பதிவு கைவிட்டுப் போகும். கணக்கெழுதுகிறவரை நம்பி விடாமல் இந்த ஒரு தேதியையாவது முதலாளியம்மாவே கையில் வைத்திருக்க வேண்டும்.

இனி கணக்கு. 8,000 ராண்டுக்குள், 6 மாதத்துக்குள் அடைகிற கடனைக் குறுகிய காலக் கடன் என்கிறது சட்டம். ஒரு நாட்காட்டி ஆண்டில் உங்களிடம் வாங்கும் முதல் கடனுக்கு மாதம் 5 சதவீதம் வட்டி, அதே ஆண்டில் அடுத்தடுத்த கடன்களுக்கு மாதம் 3 சதவீதம். தொடக்கக் கட்டணம் 165 ராண்ட், 1,000க்கு மேலான தொகையில் இன்னும் 10 சதவீதம். ஆனால் மொத்தம் அசலில் 15 சதவீதத்தையும் 1,050 ராண்டையும் தாண்டக் கூடாது. சேவைக் கட்டணம் மாதம் 60. வாட் பதிவு உள்ளவர் கட்டணங்களின்மேல் 15 சதவீதம் சேர்ப்பார். 60 என்பது 69 ஆகும். வட்டிக்கு வாட் கிடையாது.

1,000 ராண்டை ஒரு மாதத்துக்குக் கொடுத்தால் வட்டி 50, தொடக்கக் கட்டணம் 150 (15 சதவீத வரம்பு இங்கே கடிக்கிறது), சேவை 60. திரும்ப வேண்டியது 1,260. அதே ஆள் ஆண்டுக்குள் மறுபடி வந்தால் 1,240. ஆக, ஓர் ஆயிரம் வராமல் போனால் நாலு பேர் ஒழுங்காகக் கட்டியதில் கிடைத்த வருமானம் மொத்தமும் அதிலேயே போயிற்று. இதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வாடகை, சம்பளம், கடன் தகவல் நிறுவனத்துக் கட்டணம், வங்கிக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல்.

மாஷோனிசா மாதம் 30 முதல் 50 சதவீதம் வாங்குகிறார். சட்டப்படி வாங்குகிற உங்களுக்கும் முதல் மாதம் 26 வருகிறதே, பெரிய வித்தியாசம் என்ன என்று கேட்கலாம். வித்தியாசம் கெடு தவறிய பிறகுதான் தெரியும். அவருக்குக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு, கெடு தவறிய அன்று நிற்கிற அசல் எவ்வளவோ அவ்வளவுக்கு மேல் வட்டி, கட்டணம், வசூல் செலவு எல்லாம் சேர்ந்தும் ஏற முடியாது. அசல் 1,000 நின்றால் அதற்கு மேல் இன்னொரு 1,000, அதோடு சரி. இது தெரியாமல் மூன்று வருட வட்டியைப் பேரேட்டில் கூட்டிக்கொண்டே போய், தனக்கு வர வேண்டியது ஏராளம் என்று கனவு காண்கிறவர்கள் இருக்கிறார்கள். பேரேட்டில் உள்ள பணம் கல்லாவுக்கு வராது.

பெரிய புதைகுழி வேறு இடத்தில். தொடக்கக் கட்டணம் ஒரு கடனுக்கு ஒரு தடவைதான் என்பதால் எல்லாரும் ஒரு மாதக் கடனையே விரும்புகிறார்கள். வாடிக்கையாளர் 25ஆம் தேதி 1,260 கட்டுவார், 26ஆம் தேதி திரும்ப 1,000 வாங்குவார். ஜனவரியில் ஆரம்பித்து டிசம்பர் வரை இப்படியே ஓடினால் அவர் கட்டிய வட்டியும் கட்டணமும் மட்டும் 260, பிறகு 240 வீதம் 11 தடவை, ஆக 2,900 ராண்ட். கையில் இருந்ததோ அதே ஆயிரம். "ஏழை வயிற்றில் அடித்த காசு" என்ற பேச்சு பொய்யே என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. இந்தச் சுழற்சியில் அது மெய்தான். கடைக்கும் இது நல்லதில்லை. ஏட்டில் எல்லாரும் ஒழுங்காகக் கட்டுகிற மாதிரி தெரியும், ஆனால் அசல் ஒருநாளும் வீடு திரும்பியிருக்காது. அந்த ஆள் வேலை இழக்கிற மாதம்தான் உண்மை தெரியும். சோதனைக்கு வருகிற அதிகாரிகளும் முதலில் இதைத்தான் தேடுவார்கள்.

மூன்று மாதம் தொடர்ந்து வந்தவருக்கு நாலாவது முறை ஒரு மாதக் கடன் கிடையாது என்று வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். ஆறு மாதத் தவணையாக மாற்றினால் 3 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 185, சேவை 60, மொத்தம் 245. தொடக்கக் கட்டணத்தையும் சேர்த்து ஆறு மாதத்தில் அவருக்கு ஆகும் செலவு சுமார் 620. அதையே ஆறு தடவை சுழற்றியிருந்தால் 1,440. உங்களுக்கு வருமானம் குறையும். ஆனால் மாதாமாதம் அசல் இறங்கிக்கொண்டே வரும், ஆறாவது மாதம் அவர் நிஜமாகவே கடன் தீர்ந்த ஆளாகப் படியிறங்குவார்.

இப்போது யாருக்கு மறுப்பது. இந்த வேலைக்கு ஆள் வைக்கலாம், ஆனால் கற்றுக்கொண்டு பிறகு ஆள் வையுங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு நாற்பது நிமிஷம் ஆகும். அவசரப்படுகிற வாடிக்கையாளருக்காக அதைப் பத்து நிமிஷமாகச் சுருக்கினால் பின்னால் பத்து மாதம் அலைய வேண்டும்.

அடையாள எண்ணிலிருந்து தொடங்குங்கள். 13 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கும் 5000க்குக் கீழே என்றால் பெண், 5000 முதல் ஆண். எதிரே நிற்பவரின் வயதோடும் ஆளோடும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு சம்பளச் சீட்டு. கடைசி மூன்று மாதச் சீட்டு அல்லது மூன்று மாத வங்கி அறிக்கை வேண்டும் என்பது விதி, இரண்டையும் கேளுங்கள். கள்ளச் சீட்டு அடிக்கிறவர்கள் பெரும்பாலும் வேலையின்மைக் காப்பீட்டுப் பிடித்தத்தில்தான் மாட்டுவார்கள். அது சம்பளத்தில் சரியாக 1 சதவீதம், உச்சம் 177.12 ராண்ட். 8,000 சம்பளத்துக்கு 80 இல்லாமல் 120 பிடித்திருந்தால் அந்தச் சீட்டை யாரோ வீட்டில் தட்டெழுதியிருக்கிறார். மாகாண அரசின் ஆசிரியர், நர்ஸ் சீட்டில் அந்தப் பிடித்தமே இருக்கக் கூடாது. வருமான வரியையும் பாருங்கள். 2024-25 வரியாண்டில் 65 வயதுக்குட்பட்டவருக்கு ஆண்டு வருமானம் 95,750 ராண்டைத் தாண்டினால்தான் வரி. மாதம் 7,000 சம்பளக்காரரின் சீட்டில் வரி பிடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். போனஸ் வந்த மாதமாக இருக்கலாம், கள்ளச் சீட்டாகவும் இருக்கலாம்.

வங்கி அறிக்கை இன்னும் பேசும். சம்பளம் விழுந்த சில நிமிஷத்தில் மொத்தப் பணமும் ஒரே ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டிருந்தால் அட்டை மாஷோனிசா கையில் இருக்கிறது என்று பொருள். அவருக்குப் பிறகுதான் உங்கள் முறை. திரும்பிப்போன டெபிட் ஆர்டர்கள் மாதத்துக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் வேண்டாம். ஆன்லைன் பந்தயக் கணக்குக்கு நூறு, ஐம்பது என்று போய்க்கொண்டே இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். இந்தப் பந்தயச் செலவு இப்போது பெண்கள் கணக்கிலும் நிறையத் தெரிகிறது. சும்மா சொல்லவில்லை, அறிக்கையைத் திருப்பினாலே தெரியும்.

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் செலவுக் கணக்கு. குறைந்தபட்ச வாழ்க்கைச் செலவுக்கு ஓர் அட்டவணை சட்டத்திலேயே இருக்கிறது. 800 முதல் 6,250 ராண்ட் வரை மொத்த வருமானமுள்ளவருக்கு 800 ராண்ட், அதோடு 800க்கு மேலான தொகையில் 6.75 சதவீதம். 6,250க்கு மேல் 25,000 வரை 1,167.88 ராண்ட், அதோடு 6,250க்கு மேலான தொகையில் 9 சதவீதம். 6,000 சம்பளக்காரருக்கு இதன்படி வருவது 1,151. இதை எடுத்துக் கழித்துவிட்டு "தாராளமாகக் கட்டுவார்" என்று எழுதிக்கொள்வது சோம்பேறித்தனம். அட்டவணை அடித்தளம்தான். ஆள் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறார் என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஓர் உதாரணம். 6,000 சம்பளம், காப்பீடு 60 போக 5,940. ஃபர்னிச்சர் தவணை 650, ஈமச்சடங்கு பாலிசி 250, துணிக்கடைக் கணக்கு 400. மிச்சம் 4,640. அட்டவணைப்படி கழித்தால் 3,489 கையில் நிற்கிறது, 1,260 கட்டுவது விளையாட்டு. ஆனால் வாடகை 1,500, டாக்ஸி 900, சாப்பாடு 1,300 என்று அவர் வாயாலேயே சொல்கிறார். உண்மையில் மிஞ்சுவது 940. இவருக்கு 1,000 கொடுத்தால் அடுத்த மாதம் திரும்பாது. 700 கொடுத்தால் 900 திரும்ப வேண்டும், கையில் 40 மிஞ்சும். ஒரு காய்ச்சல் வந்தாலே கெடு தவறும். 500 கொடுத்தால் 660. இதுதான் இவருக்குப் பொருந்தும் தொகை. முகம் சுருங்கும், பக்கத்துக் கடைக்குப் போவேன் என்பார். போகட்டும். திருப்பிக் கட்ட வழியில்லை என்று தெரிந்தே கொடுத்தால் அது பொறுப்பற்ற கடன்; நீதிமன்றம் அசலையே தள்ளுபடி செய்யலாம். வருமானத்தையோ பழைய கடனையோ அவர் மறைத்துப் பொய் சொல்லியிருந்தால் அது உங்களுக்குத் தற்காப்பு. அதனால்தான் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் எழுதி அவர் கையெழுத்தை வாங்குவது. மறுத்த விண்ணப்பத்தையும் கிழித்துப் போடாதீர்கள், மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் விலைக்குறிப்பு எழுத்தில் தர வேண்டும். அது ஐந்து வேலை நாள் செல்லும், அந்த நாட்களில் அவர் வேறு கடையில் விசாரித்துவிட்டு வரலாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தோடு சூலு மொழியிலும் இருக்கட்டும். கல்யாணமானவரா, எந்தச் சொத்து முறையில் என்று கேளுங்கள். பொதுச் சொத்து முறையில் (இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும்) மணமானவர் கடன் வாங்கக் கணவன் அல்லது மனைவியின் எழுத்து ஒப்புதல் வேண்டும். நம் பெண்கள் பலர் மகளின் மெட்ரிக் டான்ஸ் உடுப்புக்கோ கூழ் ஊற்றும் பூஜைக்கோ வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்க வருவார்கள். இரக்கம் வரும். ஆனாலும் ஒப்புதல் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

நகையை ஈடாக வாங்கட்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அடகுக்கடை வேறு தொழில், அதற்குக் காவல்துறைப் பதிவு தனி. அது மட்டுமில்லை. பர்மாவில் 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது ஈட்டுக்கு நின்ற நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அவர்கள் வேண்டிக் கேட்டது நிலமல்ல, பணம்தான். அந்த நிலம்தான் அவர்கள்மீதான வெறுப்புக்கு விறகாயிற்று. ஊர்ப் பெண்ணின் தாலிச் சங்கிலி உங்கள் பெட்டிக்கு வந்தாலும் அதே கதைதான்.

வசூலில் முதல் மூன்று நாள்தான் எல்லாம். டெபிசெக் முறையில் வாடிக்கையாளர் தன் வங்கி வழியே முன்கூட்டியே ஒப்புதல் தருகிறார். கடையிலேயே அட்டையைக் கருவியில் போட்டு அவரே பின் நம்பரை அழுத்தி ஒப்புதல் தருகிற வகையைத் தேர்ந்தெடுங்கள். செல்போனுக்கு வரும் கேள்விக்குப் பதில் போட மறந்தேன் என்ற சாக்கு அதில் கிடையாது. தேதியை அவர் சம்பள நாளோடு பொருத்துங்கள். அரசு ஊழியருக்குப் பெரும்பாலும் 15, தனியார் கம்பெனிகளில் 25 அல்லது மாதக் கடைசி. டிசம்பரில் பல கம்பெனிகள் மாதப் பாதியிலேயே சம்பளம் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு ஜனவரிச் சம்பளம்வரை ஆறு வாரம். அந்த ஜனவரியில் பள்ளிச் சீருடை, கட்டணம், காவடி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். கடன் கேட்டு வரிசை நீளுவதும் கெடு தவறுவதும் அதே மாதம். டிசம்பர் 10க்குப் பிறகு புதியவர்களுக்குக் கடையை மூடிவைப்பவர்கள் ஜனவரியில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளிக்குக் கை நீட்டுகிற கூட்டமும் இப்படித்தான், ஆனால் அது நவம்பர் போனஸில் பெரும்பாலும் அடைந்துவிடும்.

கெடு தவறியவரின் முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்வது, வீட்டு வாசலில் நின்று கத்துவது, தடியர்களை அனுப்புவது மூன்றும் உங்கள் பதிவுக்கே உலை. முறையான வழி தேசியக் கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவு அறிவிப்பு. நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம், அல்லது பதிவுத் தபால். அவர் ஊர்த் தபால் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கான தடக்குறிப்பைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். தபால் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகிற இந்தக் காலத்தில் நேரில் கொடுப்பதே மேல். அறிவிப்பு சேர்ந்து 10 வேலை நாளும், கெடு தவறி 20 வேலை நாளும் கழிந்த பிறகுதான் வழக்கு. சிறுவழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை தனிநபர் வழக்குப் போடலாம், கம்பெனி போட முடியாது. கம்பெனியாகத் தொழில் நடத்துகிறவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆயிரம் ராண்டுக்கு அந்தச் செலவு கட்டாது. சம்பளத்தில் நேரடியாகப் பிடிக்கிற உத்தரவை 2016 அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நீதிபதியே பார்த்து, நியாயம்தான் என்று திருப்தியடைந்த பிறகே போடுவார். அரசு தருகிற சாசா உதவித்தொகையைத் தொடவே முடியாது, ஆகவே உதவித்தொகை மட்டும் வருமானமுள்ள பாட்டிகளுக்குக் கொடுக்காதீர்கள். பாட்டி பாவம் என்பதும் ஒன்று, பணம் வராது என்பதும் ஒன்று.

மூன்று வருடம் எந்தத் தவணையும் வரவில்லை, கடனை ஒப்புக்கொண்ட வார்த்தையும் இல்லை, வழக்கும் போடவில்லை என்றால் கடன் காலாவதி. அதன்பின் கேட்டு வாங்குவதே சட்டவிரோதம்.

கடன் சுமை தாங்காமல் வாடிக்கையாளர் கடன் ஆலோசகரிடம் போய், அவரிடமிருந்து உங்களுக்கு 17.1 படிவம் வந்தால் கோபப்படாமல் ஐந்து வேலை நாளுக்குள் நிலுவை விவரத்தை அனுப்புங்கள். நீங்கள் பதில் அனுப்பாவிட்டால் வாடிக்கையாளர் சொன்ன கணக்கையே ஆலோசகர் எழுதிக்கொள்வார். மாதம் 50 ராண்ட் வீதம் வந்தாலும் அது வருகிற பணம்.

எல்லா வாடிக்கையாளரையும் ஒரே ஆலையிலிருந்து எடுப்பது வசூலுக்குச் சுலபம், ஆபத்துக்கும் சுலபம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டன் கார் ஆலை மாதக்கணக்கில் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் டோங்காட் ஹியூலெட் சர்க்கரை நிறுவனம் நிதிமீட்பு நடைமுறைக்குள் போனது. ஒரு முதலாளியின் ஆட்கள் உங்கள் ஏட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலைக் கலவரம் வேறு பாடம். சாதாரணக் கடைக் காப்பீடு கலவரச் சேதத்தைத் தராது. அதற்கு சாஸ்ரியா காப்பீடு பாலிசியில் சேர்ந்திருக்க வேண்டும். ஒப்பந்தங்கள் காகிதத்தில் மட்டும் இருந்தால் கடையோடு கடனும் எரியும். ஒவ்வொரு இரவும் வேறு இடத்தில் ஒரு நகல்.

கல்லாவில் ரொக்கமே வைக்காதீர்கள். கடன் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு மாற்றலாகப் போகட்டும், தவணை அதிலிருந்து பிடித்தமாக வரட்டும். கொள்ளைக்காரனுக்கு இங்கே ஒன்றுமில்லை என்று ஊருக்குத் தெரிவதுதான் பெரிய காவல், துப்பாக்கி வாங்குவதைவிட. 2022 டிசம்பர் 19 முதல் கடன் கொடுப்பவர்களும் நிதிப் புலனாய்வு மையத்தின் கீழ் வருகிறார்கள். 50,000 ராண்ட் அல்லது அதற்கு மேல் ரொக்கம் கை மாறினால் மூன்று வேலை நாளுக்குள் அறிக்கை.

முதல் எங்கிருந்து? சீட்டுப் பணத்தையும் உறவுக்காரர் சேமிப்பையும் "மாதம் 2 சதவீதம் தருகிறேன்" என்று வாங்கி வெளியே விடுவது நம்மவர்களிடம் பழக்கம். பலரிடம் இப்படித் திரட்டினால் அது வங்கி வேலை. அனுமதியில்லாமல் செய்வது வங்கிச் சட்டப்படி குற்றம். தவிர, கடன் வாராமல் போனாலும் சித்திக்கு மாதம் பிறந்தால் வட்டி கொடுத்தாக வேண்டும். சொந்த முதலில் சிறிதாகத் தொடங்கி, முதல் இரண்டு வருட லாபத்தில் கை வைக்காமல் இருப்பவர்களே நிற்கிறார்கள். வருமா என்று சந்தேகமான கடனுக்கு வரியில் கழிவு உண்டு: 60 நாளுக்கு மேல் நிலுவைக்கு 25 சதவீதம், 120 நாளுக்கு மேல் 40 சதவீதம். நிலுவையை நாள்வாரியாகப் பிரித்து எழுதாத ஏட்டுக்கு இந்தக் கழிவு கிடைக்காது.

பணக்கார அம்மாவின் பணம் பெரும்பாலும் இந்த ஏட்டில் அடுத்தவர் கையில் இருக்கிறது. கார் வாங்கினால் கடன் கொடுக்கிற முதல் குறைகிறது. இது வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாது. அதனால் கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனி, உங்களுக்கு மாதச் சம்பளம் ஒரே தொகை.

கல்யாணத்துக்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை. சட்டப்படி பதிவாகும் கல்யாணத்தில் தனி ஒப்பந்தம் இல்லையென்றால் பொதுச் சொத்து முறை. உங்கள் கடை நொடித்தால் கணவரின் பாதியும் போகும், அவர் நொடித்தால் உங்கள் ஏடே ஏலத்துக்குப் போகும். நோட்டரி முன் திருமண ஒப்பந்தம் எழுதி மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற உயர் நீதிமன்றம் போக வேண்டும், உங்கள் இருவருக்கும் கடன் கொடுத்திருப்பவர்களுக்கெல்லாம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, அரசுப் பதிவு செய்யாமல் இருப்பவர்கள் நம்மில் நிறைய. உயில் இல்லாமல் இறந்தால் அப்படிப்பட்ட இந்து மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் தீர்ப்பை நம்பி வாழ்வதைவிட ஓர் உயில் எழுதுவது மலிவு.

சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் ஓரமாக அழைத்து "அக்கா, ஒரு ஐயாயிரம்" என்பார்கள். கடைக்கு வரச் சொன்னால் கோபம், கொடுத்தால் திரும்பாது. வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதற்குள் கொடுப்பதை அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள், ஏட்டில் எழுதாதீர்கள். கோயில் கமிட்டியில் பொருளாளர் பதவி தேடி வரும். வேண்டாம். நன்கொடை கொடுங்கள், ரசீது வாங்குங்கள், பெயர்ப் பலகை கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் சந்நிதியில் வாடிக்கையாளர் எதிரே வந்தால் பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிள்ளைகளை அவர்களுடைய பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். கடன் வாங்கியவர் வீட்டில் உங்கள் பெயர் எந்தத் தொனியில் அடிபடும் என்பது குழந்தை காதுக்கும் வரும்.

தொழிலை விடும்போது ஏட்டை விற்கலாம். காலாவதியான கடன்களை விற்கக் கூடாது என்பதால் அவற்றை முதலில் பிரித்தெடுங்கள். மற்றவற்றில் ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் கடனுக்கு நல்ல விலை வரும், நிலுவைக்குச் சொற்பம். விற்க மனமில்லாதவர்கள் புதுக்கடனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் வசூல் மட்டும் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேலான கடன் இல்லாத தொழில் என்பதால் இது எளிது. வசூல் முடியும்வரை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். வாடிக்கையாளர் அடையாள ஆவணங்களும் பணப் பரிமாற்றப் பதிவுகளும் கடைசிக் கணக்கு முடிந்து ஐந்து வருடம் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும்.